மைதானத்தின் மேல் ஒரு மேடை

ஒரு காலத்தில் கல்லூரிக் கால்பந்து அணியைத் தூக்கி நிறுத்திய தொபியாசை மேடைக்கு அழைத்து, கல்லூரிச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். கையில் கொடுத்த கோப்பையின் உச்சியில் ஒரு பொம்மை கிரிக்கெட் மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றது.

“நான் ஆடுனது ஃபுட்பாலுல்லா,” என்றார் தொபியாஸ்.

“எல்லாம் வெளையாட்டுதான அண்ணாச்சி. போட்டோவுக்குச் சிரிங்க.”

“கிரவுண்டு எங்க? வந்ததுலருந்து தேடுதேன்.”

“அதுலதான் இந்த ஏசி ஹாலக் கட்டியிருக்கோம். கோல் போஸ்ட் இந்த மேடைகிட்டதான் இருந்துச்சாம்.”

தொபியாஸ் குனிந்து பார்த்தார். சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். இங்கேதான் முட்டி உடைந்து விழுந்தும், தவழ்ந்துபோய்ப் பந்தை உள்ளே தள்ளியிருந்தார். வாயெல்லாம் கசந்தது. மைக்கைப் பிடித்தார்.

“பந்தடிச்ச எடத்துல காங்கிரீட்டக் கொட்டிட்டு, பந்தடிச்சவனுக்குச் சால்வையா? வெக்கங்கெட்ட பயலுவளா!”

அரங்கம் அதிரக் கைதட்டியது. செயலாளர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். “பிரமாதமான ஸ்பீச் அண்ணாச்சி,” என்று காதோரம் சொன்னார். “அடுத்த வருசமும் நீங்கதான் வரணும்.”

தொபியாஸ் பொன்னாடையால் வாயைத் துடைத்து, அதைச் செயலாளர் தோளிலேயே போட்டுவிட்டு, விந்தி விந்திப் படியிறங்கினார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை.