மஞ்சளாகும் தட்டு

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியருக்கு அவளுடைய கணவன் ஒரு துண்டுச் சதை, அவ்வளவுதான். எச்ஐவியின் எந்த வகை குடலில் வேகமாகப் பெருகும், எந்த வகை நிணநீர்க் கணுவில் பெருகும் என்று பார்ப்பதற்காக, தொற்றிய முதல் வாரங்களிலேயே அவன் குடலில் கிள்ளி எடுத்த துண்டு. ஆள் போய்ச் சேர்ந்தபின், அதையும் அவனோடு புதைக்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தாள்.

“அது செத்த சதைம்மா. உயிரிருந்தா தீனியத் தின்னு இந்தச் சிவப்புத் தண்ணிய மஞ்சளாக்கும். பாருங்க, சிவப்பாவே இருக்கு,” என்றார், துண்டு கிடந்த கண்ணாடித் தட்டைக் காட்டி, அவள் முகத்தைப் பார்க்காமலே.

“மிச்சம் வைக்காமக் குடுங்க. உயிரோட இருந்தப்பவும் ‘அந்த சி வகை’ன்னுதானே கூப்பிட்டீங்க. பேரு ஒண்ணு இருந்துச்சு.”

பயறளவு துண்டைக் குப்பியில் போட்டு நீட்டினார், பிச்சை போடுகிறவரைப்போல. அவள் கொண்டுபோய்ப் புதைத்தாள்.

அடுத்த வாரம் பேராசிரியர் அவள் வாசலில் நின்றார். உட்காரச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

“அந்தத் தட்டு மஞ்சளாகுதும்மா.”

“மிச்சம் வெச்சிருக்கீங்க.”

“இல்லம்மா! கண்ணாடித் தட்டு. கழுவி, ஆவியில வேகவெச்சு, வெறும் சிவப்புத் தண்ணி மட்டும் ஊத்தினேன். தினமும் காலையில மஞ்சள்.”

செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

“பசிக்குதாக்கும். பேரச் சொல்லித் தீனி போடுங்க.”

இப்போதெல்லாம் அவர் தட்டு இருக்கும் அந்த வெப்பப்பெட்டியைச் சட்டென்று திறப்பதில்லை. கதவைத் தட்டி, சற்று ஒதுங்கி நின்றுவிட்டுத்தான் திறக்கிறார்.