ஜவளகிரி லோடு

மனைவி முனிலட்சுமியின் கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. நேற்று வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டிருப்பாள் என்று முனிவேல் நினைத்துக்கொண்டான். கும்பிட்டும் ஆயில் ஒழுகல் நிற்கவில்லையே என்று அவனுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

ஓசூர் சர்வீஸ் சென்டரில் அவனுடைய பிக்கப் வண்டி லிஃப்டில் ஏறி நின்றது. எட்டு மாதத்தில் இது நாலாவது தடவை. முதல் மூன்று தடவையும் கியர் ஆயில் ஒழுகியதோடு போயிற்று. அடி போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஆயில் ஊற்றி, வாரன்ட்டியில் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். இந்தத் தடவை ஆயில் மொத்தமும் வடிந்து கியர்பாக்ஸே போய்விட்டது. வாரன்ட்டியில் புதுசு கிடைக்காவிட்டால் வண்டி வீட்டு வாசலில் கோழி அடையத்தான் உதவும்.

முனிவேல் சும்மா வரவில்லை. ‘இந்த வண்டியை வாங்கி ஏமாறாதீர்கள்’ என்று பேனர் அடித்து, சுருட்டி அக்குளில் வைத்திருந்தான். தன்னைக் காட்டு ரோட்டில் நிறுத்தியவர்களின் மானத்தை நடுரோட்டில் வாங்காமல் விடுவதில்லை என்பது அவன் முடிவு. சிப்காட் பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் முனிலட்சுமி, மதிய ஷிப்டுக்குப் போகிற யூனிபார்ம் கோட்டோடு பக்கத்தில் நின்றாள்.

“தெனம் ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுப் போறேன், ஒண்ணும் ஆகறதில்ல. ஜவளகிரிக்கு எடுத்தா மட்டும் தளி தாண்டறதுக்குள்ள நின்னுருது. என்ன வண்டி குடுத்தீங்க?” என்றான் மேனேஜர் ஜெகதீஷிடம்.

“ஜவளகிரிக்கு என்ன லோடு சார்?”

“ராகி” என்றான் முனிவேல், கொஞ்சம் யோசித்து.

ராகி மூட்டை ஏற்றப் போனவனின் வண்டிக்குள் செண்ட் வாசனை ஏன் இப்படித் தூக்குகிறது என்று ஜெகதீஷ் கேட்கவில்லை. அது வாரன்ட்டியில் வராத விஷயம். அவர் டார்ச்சை அடித்து, கியர்பாக்ஸின் அடி போல்ட்டைக் காட்டினார்.

“போல்ட்டை முடுக்கினதும் நாங்க வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு கோடு போடுவோம். இது எங்க கோடு இல்ல சார், வேற கலர். வெளிய யாரோ கழட்டியிருக்காங்க. கை வச்சா வாரன்ட்டி போயிரும்னு போன தடவையே உங்க ரெண்டு பேருக்கும் சொன்னேன்.”

எந்த மெக்கானிக்கிடமும் வண்டியை விட்டதில்லை என்று முனிவேல் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். தமிழில் பாதி, தெலுங்கில் பாதியாகத் திட்டியும் பார்த்தான். ஜெகதீஷ் அசையவில்லை; அந்தப் பெயிண்ட் கோட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வாரன்ட்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் பேனரை கேட்டில் கட்டப் போனான். “போல்ட்டுல கை வச்சவன் எவன்னு மட்டும் தெரியட்டும். அந்தக் கைய உடைக்காம விடமாட்டேன்” என்றான்.

முனிலட்சுமி கோட்டுப் பையிலிருந்து ஒரு பெயிண்ட் பேனாவை எடுத்தாள். பேனரின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். பளிச்சென்று மஞ்சள் நிறத்தில் விழுந்தது.

“எட்டு மணி நேரமும் போல்ட்டு முடுக்கி, கோடு போடறதுதான் என் வேலை. நீங்க ஜவளகிரி கெளம்பறப்ப மூணு தடவை லூஸ் மட்டும் பண்ணி விட்டேன், இவங்க சும்மாவே சரி பண்ணிக் குடுத்துட்டாங்க. அதான் இந்தத் தடவை கோடும் போட்டு விட்டேன்.”

கம்பெனி பஸ் வந்து நின்றது. முனிலட்சுமி படியில் ஏறித் திரும்பிப் பார்த்தாள்.

“இனிமே அவளப் பாக்க பஸ்லயே போங்க.”