ரிப்பன் கட்டிய சுவிட்ச்

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படிகளில் தாவி ஏறினாள் கார்குழலி. மேலே கைதட்டல் கேட்டது. போச்சு! ஃபைனான்ஸ் கம்பெனியின் சேர்மன் சுவிட்சில் கை வைத்துவிட்டார் போலிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம், இனி எல்லாக் கணக்கையும் புதுசே பார்த்துக்கொள்ளும் என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அணைத்தால் அத்தனை கிளைகளும் படுத்துவிடும். கூடவே அவள் வேலையும்.

“சார், கையை எடுங்க!”

மாலை போட்ட பழைய இயந்திரத்தின் முன்னால், ரிப்பன் கட்டிய சுவிட்சைப் பிடித்தபடி சேர்மன் திகைத்து நின்றார். “என்னம்மா?”

“புதுசு சொந்தமா வட்டி போடல சார். பழசுகிட்ட கமுக்கமா கேட்டுத்தான் சொல்லுது. இப்பதான் கண்டுபிடிச்சேன்.”

புதுசில் வட்டிப் பகுதிக்குப் புரோகிராம் எழுதிய குமரவேல் தலையைச் சொறிந்தான். “பழசு எப்படிக் கணக்குப் போடுதுன்னு யாருக்குமே புரியல சார். அதான் அதுகிட்டயே...”

“அடப்பாவி, நான் மட்டும்தான் அப்படிப் பண்ணேன்னு நெனச்சேன்!” என்றான் கடன் பகுதியை எழுதியவன். டெபாசிட் பகுதியை எழுதிய பெண் கூரையைப் பார்த்தாள்.

சேர்மன் முகம் சிவந்தது. “இத்தனை வருஷமா என்னய்யா பண்ணீங்க? புதுசு சொந்தமா எதையுமே செய்யாதா?”

புராஜெக்ட் தலைவர் ஜெயசீலன் நெஞ்சை நிமிர்த்தினார். “ஏன் செய்யாது? வாடிக்கையாளர் வந்ததும் வணக்கம் சொல்லும் சார்.”

கார்குழலி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். “காலை வணக்கமா, மாலை வணக்கமான்னு பழசுகிட்ட கேட்டுட்டு.”