நாலாம் தெரு விளக்கு

“முனிரத்தினம் மேல ஏறினா எரியுது. எறங்கிப் போனா, சாயங்காலம் இருட்டு. இது லைட்டா, இன்னா பாய் இது?”

இன்பசேகரன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி கேட்டார். அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பக்கத்தில் நின்ற சமீருல்லா பாய் சங்கத் தலைவர். ஒரே ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோஸ்துகள்.

தெருவின் பழைய விளக்கு நவம்பரில் கெட்டுப்போனது. டிசம்பர் பிறந்ததும் நகராட்சி புதிதாக ஒன்றை மாட்டியது. இருட்டினால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும் வகை. கம்பத்தில் ஒரு சின்ன டப்பா, அதில் கண்ணாடிக் கண் ஒன்று. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து விளக்குக்குச் சொல்வது அந்தக் கண்தான். பகலில் சோதிக்க வேண்டுமானால் கண்ணைக் கையால் பொத்த வேண்டும். வயர்மேன் முனிரத்தினம் ஏறிப் பொத்தும்போதெல்லாம் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் மாட்டிய நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட அது தானாக எரிந்ததில்லை.

“எல்லாம் தோல் பதனிடற ஷாப்பு காத்துதான் சேகரு,” என்றார் பாய். “எம் மருமக கொலுசு ஆறு மாசத்துல கறுத்துப்போச்சு. ஏசிக்குள்ள இருக்கற செம்புப் பைப்பையே அரிச்சுத் தின்னுடுது. இந்த டப்பா எம்மாத்திரம்?”

“அதயும் நம்பித்தானே பாய் டப்பாவ மாத்தினோம்? புது டப்பாவும் அதே கதைதான்.”

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. தெரு நெடுக மூடாத கால்வாய். போன வாரம்தான் அதே தெரு சவுரியம்மாள் இருட்டில் கால் தவறி அதில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இன்பசேகரனின் மருமகள் ஜாஸ்மினுக்கு இது ஏழாம் மாதம். கம்பெனி பஸ் அவளை முக்கில் இறக்கிவிடும்போது நன்றாக இருட்டியிருக்கும்.

அவரும் தன்னால் ஆனதைச் செய்துதான் வந்தார். வழக்கமாக வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டாரை, இந்த வருஷம் பழைய விளக்கு கெட்டதுமே மாடியிலிருந்து ஒரு மூங்கிலில் கட்டித் தெருப்பக்கம் நீட்டிவிட்டார். சவுரியம்மாள் விழுந்த மறுநாள் அதற்குள் இருந்த பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பல்பாகப் போட்டார். பொழுது சாயும் முன்பே சுவிட்சைத் தட்டிவிடுவார். விடிய விடிய எரியும்.

“ஸ்டாரு வெளிச்சத்தப் பாத்துதான் மாமா நடந்து வர்றேன்,” என்றாள் ஜாஸ்மின். “ஆனா அது நம்ம வீட்டாண்ட மட்டும்தான் விழுது. முக்குலேர்ந்து பாதித் தெரு வரைக்கும் சுவத்தத் தடவிக்கினுதான் வரணும்.”

அன்றே இன்பசேகரன் நகராட்சிப் பொறியாளர் அன்பரசனுக்கு போன் போட்டார். “பகல்லயே ஆள் அனுப்பினா எப்படி சார் தெரியும்? ஒரு நாள் பொழுது சாஞ்சப்புறம் நீங்களே வாங்க. உங்க கண்ணால பாருங்க.”

“வர்றேன் சார். ஆனா இதுதான் கடைசி. என் எதிர்ல எரியலன்னா கம்பம், வயரு எல்லாத்தயும் புதுசாப் போட்டுத் தர்றேன். எரிஞ்சா, உங்க கம்ப்ளைன்ட முடிச்சிடுவேன்.”

சொன்னபடி மறுநாள் வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். இன்பசேகரன் வீட்டெதிரே இருந்த கம்பத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். விளக்கு எரியவில்லை. இன்பசேகரனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

“எரியலதான்,” என்ற அன்பரசன் சுற்றும் முற்றும் பார்த்தார். “ஆனா இங்க ஒண்ணும் அவ்ளோ இருட்டா இல்லயே சார்? பேப்பரே படிக்கலாம் போல இருக்குது.”

பாய் இன்பசேகரனின் காதோடு சொன்னார்: “உன் ஸ்டாரு காரியத்தயே பேஜார் பண்ணிடும் போல. அவரு இருட்டப் பாக்க வந்திருக்காருப்பா, நீ வெளிச்சத்தக் காட்டினு இருக்கே!”

இன்பசேகரனுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து முக்கில் கம்பெனி பஸ் ஜாஸ்மினை இறக்கிவிட்டுக் கிளம்பியது.

“அங்கயே நில்லும்மா! நான் சொல்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்காத!” என்று கத்திவிட்டு மாடிப்படி ஏறினார். “ஒரு நிமிஷம் சார். நாங்க படற பாட்ட இப்ப காட்றேன்!”

மேலே போய் சுவிட்சை அணைத்தார். தெரு கன்னங்கரேலென்று ஆனது. கால்வாய் எது, சுவர் எது என்று தெரியவில்லை. மருமகளும் தெரியவில்லை.

“பாத்துக்கோங்க சார்!” மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குரல் உடையக் கத்தினார். “இதுலதான் எங்க வீட்டுப் பொண்ணு தெனமும் நடந்து வருது! இந்த இருட்டுல—”

கம்பத்து விளக்கு எரிந்தது.

முதலில் மினுக்கென்று, பிறகு வெள்ளை வெளேரென்று. கால்வாயின் விளிம்பு, பாயின் தொப்பி, முக்கில் சாப்பாட்டுப் பையோடு நின்ற ஜாஸ்மினின் சிரிப்பு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

அன்பரசன் டப்பாவின் கண்ணைப் பார்த்தார். அதன் முகத்துக்கு நேரே மூங்கிலில் தொங்கிய ஸ்டாரைப் பார்த்தார்.

“லைட்டு நல்லாத்தான் இருக்கு சார். நீங்க ஏத்தற ஸ்டாரப் பாத்துட்டு, இன்னும் பொழுதே சாயலன்னு அது தெனமும் சும்மா இருந்திருக்குது. அத மட்டும் மாடித் தண்ணித் தொட்டிக்கு அந்தாண்ட மாத்திக் கட்டிடுங்க, போதும்.”