ரெண்டு வயசு

"சார், செல்விக்கு நர்ஸ் படிப்புக்கு இடம் கெடைச்சிருச்சு. எல்லாம் உங்க புண்ணியந்தான்!"

பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள் தங்கத்தாய். விரல் இடுக்கில் இன்னும் மருந்துக் கறை. கையில் ஒரு காராச்சேவுப் பொட்டலம்.

லட்சுமிகாந்தத்துக்குக் கூச்சமாக இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறாள், பாவம். நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தபோது, அவர் எழுதிய ஒரே பொய் இவள் மகள் விஷயத்தில்தான்.

"உக்காரும்மா. உங்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். நாலு வருஷத்துக்கு முன்னால, உன் வீட்டுக்காரர் கம்பெனி ஏஜெண்டைக் கூட்டிட்டு வந்து செல்விக்கு வயசுச் சான்று கேட்டாரே…"

"மறக்குமா சார்? பதினாலு முடிஞ்சிருந்தா வேலைக்கு எடுத்துக்கிடுதோம்னு சொன்னான் அந்த ஆளு."

"முடிஞ்சுதான் இருந்துச்சும்மா. சட்டப்படி நான் தடுக்க முடியாது. எட்டாவதுல முதல் மார்க் வாங்குற பிள்ளை மருந்து அள்ளப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கவும் முடியலை. பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

தங்கத்தாய் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"மறுநாள் நீ பள்ளிக்கூடத்துக்கே வந்து, அவங்க ரெண்டு பேரு முன்னால என்னை அந்த ஏச்சு ஏசுனே. 'பிள்ளைக்குப் பன்னெண்டுன்னா பன்னெண்டுன்னே எழுதணுமா? ரெண்டு வயசு கூட்டி எழுதுனா கொறைஞ்சா போயிருவீக?'ன்னு கேட்டே. அதைக் கேட்டுத்தான் ஏஜெண்டு உன் வீட்டுக்காரர் பேச்சை விட்டுட்டு, என் சான்றை நம்பிப் போனான். எழுதப் படிக்கத் தெரியாதவ, என் பொய்யை அப்படியே நம்பிட்டாளேன்னு இன்னைக்கு வரைக்கும் மனசு உறுத்துது. மன்னிச்சிரும்மா."

அவர் தலை குனிந்திருந்தார். தங்கத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது.

"என்ன சார் நீங்க! பெத்தவளுக்குப் பிள்ளை வயசு தெரியாதா? நீங்க ஒத்தையில சொன்னா அந்தப் பொய் நிக்காதுன்னுதான, நானும் வந்து ஏசிட்டுப் போனேன்!"