சொந்தக் குரலில் சம்மதம்

"நாலு நாளா உங்க மெஷின் எங்களைக் கூப்பிடவே இல்லையே! ஏம்மா?"

பொகோட்டா நகரில், பதிவுக் குரல் மெஷினால் வீடு வீடாகப் போன் போட்டு ஈமச்சடங்குக் காப்பீடு விற்கும் நிறுவனத்தில் புகார் கேட்பவள் யுரானி. ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று திட்டுபவர்களையே தினமும் கேட்டுப் பழகியவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எலியேசர் ஐயா, உங்க வீட்ல யாரோ மெஷின்கிட்ட 'வேண்டாம்'னு சொல்லியிருக்காங்க. சொன்னா அந்த நம்பரை உடனே பட்டியல்லேர்ந்து எடுத்துடணும். அது சட்டம்."

"என் சம்சாரம் நுபியாதான் சொன்னா. மறுபடி சேர்த்துடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நம்பர் அவங்க பேர்ல இருக்கு. அவங்களே வாயால சம்மதம் சொல்லணும், நான் பதிவு பண்ணணும்."

"அவளால பேச முடியாதும்மா."

"'வேண்டாம்'னு மட்டும் சொல்ல முடிஞ்சுதாக்கும்?"

எலியேசரின் குரல் உடைந்தது.

"பக்கவாதம் வந்து எட்டு மாசமா ஒரு வார்த்தை பேசல. உங்க மெஷின் 'உங்கள் சவப்பெட்டியை இன்றே தேர்ந்தெடுங்கள்'னு சொல்லுச்சு பாரு, அதுக்குத்தான் 'வேண்டாம்'னு கத்தினா. இன்னொரு தடவை கூப்பிட்டா இன்னொரு தடவை கத்துவாளேன்னு..."

யுரானி பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"போனை அவங்க காதுல வைங்க... நுபியா அம்மா, நாங்க உங்களைக் கூப்பிடலாமா?"

மூச்சு இரைவது மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, "ச... ரி."

பக்கத்தில் எலியேசர் விம்மினார்.

யுரானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சட்டப்படி இதை மூணு தடவை சொல்லணும்மா. எங்க, இன்னொரு தடவை?"

அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை.