பௌலிங் கிளப் பேரப்பிள்ளைகள்

"நேத்து ரெண்டு பேரப்பிள்ளைங்க, இன்னைக்கு வேற ரெண்டு. மொத்தம் எத்தனைதான் வச்சிருக்கீங்க, டெஸ்?"

டெஸ் ஹாலினன் உருளைக்கிழங்கு வறுவலைத் தக்காளி சாஸில் நிதானமாகத் தோய்த்தார். "குடும்பம் பெருசு, ரேலீன்."

"நீங்க கல்யாணமே பண்ணிக்கலையே."

"அதனாலதான் எண்ணிக்கை சரியாத் தெரியல."

எதிரில் இருந்த சிறுமியும் அவள் தம்பியும் மீன் துண்டுகளைப் பங்கு பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ரேலீன் கையைக் கட்டிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அடுத்த மேசையில் நார்ம். அவருக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள். அதற்கடுத்து கீத். அவருக்கும் அப்படியே. கிளப்பின் புல்தரையில் பந்து உருட்டி ஆடும் அணி மொத்தமும் தனித்தனி மேசையில், பக்கத்துக்கு ஒன்றாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. புல்தரை பனிக்குள் போய்விட்டால் வேலையற்றுப்போகும் கிழவர்கள். ஒருவருக்கும் இத்தனை வாரிசு கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

கிளப்பின் சமையலறையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவள் ரேலீன். பனிச்சறுக்குக்கு வரும் குடும்பங்கள் மலை மேல் ஒரு கிண்ணம் சூப்புக்கு அழுகிற காசுக்கு இங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுப் போகலாம். அது போதாதென்று வாசலில் பலகை வேறு வைத்தாள்: 'பெரியவர் ஒருவர் சாப்பிட்டால் பிள்ளைகள் இருவருக்கு இலவசம்.' அப்பா அம்மாக்களைப் பிடிக்கப் போட்ட தூண்டில் அது. மாட்டியதோ இந்தக் கிழவர்கள்.

திங்கட்கிழமை கிளப் கமிட்டி கூடுகிறது. குத்தகை இவளுக்கே நீளுமா, வேறு கைக்குப் போகுமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

சமையலறையில் அவள் கணவன் கார்த், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "மேல இன்னும் ரெண்டு பாட்டில் சிவப்பு ஒயின் கேக்கறாங்க."

"குடு, குடு. அவங்கதான் என் குலதெய்வம்."

மேலே என்றால் மாடி அறை. கணப்பு, மெழுகுவத்தி, ஆட்டுக்கால் கறி. பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. இரண்டு வாரமாகத்தான் சிட்னி ஜோடிகள் தேடி வந்து நிரப்புகிறார்கள். எல்லாம் தன் ஆட்டுக்கால் கறியின் மகிமை என்பது ரேலீனின் கணிப்பு. அவர்களை நம்பித்தான் அவள் கமிட்டி முன்னால் போய் நிற்கப்போகிறாள்.

"மேல சம்பாதிக்கறதைக் கீழ இந்தப் பெருசுங்க வழிச்சு எடுக்குதுங்க," என்றாள். "இது வாடகை வியாபாரம், கார்த். அப்பனும் ஆத்தாளும் கார்ல உக்காந்து ரொட்டி தின்னுட்டு, பிள்ளைங்கள இவங்களோட அனுப்பிடுறாங்க. ஓசியில வயிறு ரொம்பிடுது."

"சின்னப் பிள்ளைங்க. நாலு வாய் மீன்."

"நீ இப்படிப் பேசிப் பேசித்தான் நம்ம பழைய கடை போச்சு."

கார்த் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். ரேலீன் நேராகச் சிறுமியிடம் போனாள்.

"உன் பேரு என்ன கண்ணு?"

"இமொஜென்."

"இவரு யாரு?"

"டெஸ்."

"உன் தாத்தாவா?"

சிறுமி டெஸ்ஸைப் பார்த்தாள். டெஸ் உத்தரத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும்," என்றாள் சிறுமி.

"ஓ. அம்மா அப்பா எங்க?"

"ராத்திரி சறுக்கு வகுப்புக்குப் போயிருக்காங்க."

ரேலீன் நிமிர்ந்தாள். "இந்தக் காத்துலயா? மதியத்துலேர்ந்து சறுக்கறவங்கள மலை மேல ஏத்துற லிஃப்ட் ஒண்ணுகூட ஓடல, டெஸ்."

டெஸ் இருமினார். "இன்னைக்குப் பாடம் மட்டும். செய்முறை கிடையாது."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?"

"கொஞ்சம் கோவமாத் தெரியுது. இங்க வேணாம், ரேலீன், பிள்ளைங்க காதுல விழும். ஓரமா வா, சொல்றேன்."

"ஓரமாப் பேச நான் என்ன திருட்டு வியாபாரமா பண்றேன்? இங்கயே சொல்லுங்க. உங்களுக்கு இதுல என்ன கிடைக்குது?"

"ஒரு பீர். அப்புறம் இதுங்க பேச்சு. வீட்டுல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு இது தேவலை."

நார்ம் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "எனக்கு ரெண்டு பீர்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அதுதான் ரேலீனுக்குத் தாங்கவில்லை. ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள், பலகையைத் துடைத்தாள், திரும்பி வந்தாள்.

"இலவசம் முடிஞ்சு போச்சு. வாடகைத் தாத்தாங்க எல்லாரும் எந்திரிங்க. பிள்ளைங்கள எங்கேர்ந்து ஓட்டிட்டு வந்தீங்களோ அங்கயே இப்பவே ஒப்படைங்க. இனிமே இந்தப் பக்கம் கூட்டிட்டு வரக் கூடாது."

டெஸ் வாயைத் துடைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா, ரேலீன்?"

"ரெண்டு வாரமா யோசிச்சேன்."

"உன் சமையலறை, உன் இஷ்டம்."

அவர் எழுந்தார். மற்ற நான்கு மேசைகளும் எழுந்தன. வாசலை நோக்கிப் போவார்கள் என்று ரேலீன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். பனிக்காற்று உள்ளே அடித்தது. டெஸ்ஸோ பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் நடந்தார். மாடிப்படிக்கு அடியில் போய் நின்று, தொண்டையைச் செருமி, மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சறுக்கு வகுப்பு முடிஞ்சுது. எல்லாரும் இறங்கி வந்து அவங்கவங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போங்க."

மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கடிபடாத ஆட்டுக்கால்களையும் திறக்காத பாட்டில்களையும் மேசையிலேயே விட்டுவிட்டு, ஐந்து சிட்னி ஜோடிகளும் கோட்டை மாட்டிக்கொண்டே வரிசையாகப் படி இறங்கினார்கள்.